சுவரை எடுத்தால் பாரம் எங்கே போகும்?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சி கட்டிய வீட்டில், ஆசாரம் என்கிற கூடத்துக்கும் நெல் மூட்டை அடுக்கும் அறைக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. வீட்டில் நெல் வைப்பது நின்று இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அறையில் ஒரு பழைய கட்டிலும் கால் உடைந்த நாற்காலிகளும்தான் கிடந்தன. சுவரை எடுத்துவிட்டால் பொங்கலுக்குக் கூடுகிற முப்பது பேரும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்று ஆசைப்பட்டோம். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், "இரண்டு நாள் வேலைதானுங்க, உடைத்து அள்ளிவிடலாம்" என்றார். அவரோடு வந்த வயதான கொத்தனார் சுவரின் பக்கமே போகவில்லை. நேராகப் படியேறித் தார்சின் மேல், அதாவது மொட்டை மாடியில், ஒரு நடை நடந்தார். இறங்கி வந்து இரண்டு அறைகளிலும் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "சுவர் போகட்டும் கண்ணு, அது சுமக்கிற பாரம் எங்கே போகும்?" என்று கேட்டார்.

பழைய வீட்டில் உள்சுவரை எடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எப்படி உடைப்பது, எவ்வளவு செலவாகும், தூசியை என்ன செய்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு வீட்டின் எடை முழுவதும் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஓட்டின் எடை ரீப்பருக்கும், ரீப்பரின் எடை கைமரத்துக்கும், கைமரத்தின் எடை சுவருக்கும், சுவரின் எடை கடக்காலுக்கும் (அஸ்திவாரத்துக்கும்), அங்கிருந்து மண்ணுக்கும் இறங்குகிறது. வாய்க்கால் தண்ணீரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பை வெட்டினால் தண்ணீர் மறைந்துபோவதில்லை. வேறு பக்கம் பாய்கிறது. பாரமும் அப்படித்தான். அது பாய வேண்டிய புதிய வழியை நாம் முன்கூட்டியே அமைத்திருந்தால் வீடு நிற்கும். அமைக்காவிட்டால் பாரம் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அந்த வழி பெரும்பாலும் விரிசலாகவோ தொய்வாகவோ இருக்கும்; சில வேளை இடிபாடாகவும் முடியும்.

இந்த வழியில் நிற்கிற சுவரைப் பாரம் தாங்கும் சுவர் என்கிறோம். வழியில் இல்லாமல், இரண்டு அறைகளைப் பிரிப்பதற்காக மட்டும் நிற்பது தடுப்புச் சுவர். இரண்டும் ஒரே செங்கல், ஒரே பூச்சு, ஒரே வெள்ளை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ எடை இருக்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டு ஓடு பதித்திருந்தால் இன்னும் 20 கிலோ. ஆக, ஆள் நடமாட்டத்தைச் சேர்க்காமலே சதுர அடிக்கு 50 கிலோ. நடுச்சுவருக்கு இருபுறமும் 12 அடி அகலத்தில் இரண்டு அறைகள் இருந்தால், ஒவ்வோர் அறையின் கூரையிலும் ஏறக்குறையப் பாதி அந்தச் சுவரின் தலையில் உட்காரும். அதாவது, சுவரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 600 கிலோ. சுவர் 10 அடி நீளம் என்றால் 6 டன். 50 கிலோ சிமெண்ட் மூட்டை 120ஐ அதன் மேல் அடுக்கிவைத்ததற்குச் சமம். சுவரின் சொந்த எடை வேறு: 10 அடிக்கு 10 அடி உள்ள 9 அங்குலச் செங்கல் சுவரே 4 டன்னைத் தாண்டும். உடைப்பவர்கள் அள்ள வேண்டியது இந்த 4 டன்னை. நாம் கவலைப்பட வேண்டியது அந்த 6 டன்னைப் பற்றி.

சரி, எந்தச் சுவர் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு எந்தக் காலத்தில், எந்த முறையில் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொங்கு நாட்டில் இன்று புதுப்பிக்கப்படும் பழைய வீடுகள் பெரும்பாலும் நாலு விதம். மண் சுவரோ செங்கல் சுவரோ வைத்து ஓடு வேய்ந்தவை. தொட்டிக்கட்டு வீடுகளில் பல இதில் அடங்கும். செங்கல் சுவரின் மேல் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாட்டில் அடுக்கிய தார்சு வீடுகள். சுவரின் மேலேயே நேராகக் கான்கிரீட் தளம் போட்டவை. கடைசியாக, பில்லரும் பீமும் எழுப்பி இடையில் சுவர் அடைத்தவை. இந்தக் கடைசி வகையில்தான் உள்சுவரை ஓரளவு தைரியமாக எடுக்க முடியும். பாரம் பீம் வழியாகப் பில்லருக்குப் போய்விடுகிறது. அங்கும் சுவருக்கு நேர் மேலே பீம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மற்ற மூன்றிலும் சுவர்தான் வீடு.

தார்சு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஆபத்து அதிகமாக இருப்பது அங்கேதான். அண்ணாந்து பார்த்தால் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது தெரியும். அவை எந்தச் சுவரில் போய் முடிகின்றனவோ அது பாரம் தாங்கும் சுவர். அவற்றோடு இணையாக ஓடும் சுவர் பெரும்பாலும் குறைவாகவே சுமக்கும். எங்கள் வீட்டில் ஆசாரத்துக் கட்டைகளும் நெல் அறைக் கட்டைகளும் அந்த நடுச்சுவரில்தான் வந்து முடிந்தன. இந்தப் பக்கத்துக் கட்டையும் அந்தப் பக்கத்துக் கட்டையும் ஒரே மரமல்ல. இரண்டின் நுனிகளும் சுவருக்குள் ஒரு சாண் புதைந்து உட்கார்ந்திருந்தன. சுவர் போனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடி இழக்கும். கான்கிரீட் தளமாக இருந்தால் உள்ளே கம்பி இருக்கிறது, தொங்கி எச்சரித்துவிட்டு விழக்கூடும். கட்டைக்கு அந்தத் தயவு கிடையாது. போதாக்குறைக்கு, சுவருக்குள் புதைந்த நுனியில்தான் ஈரமும் கறையானும் முதலில் சேரும். வெளியே வைரம் போலத் தெரிகிற தேக்கு உள்ளே பொடியாகியிருக்கலாம்.

ஓட்டு வீட்டில் பார்க்க வேண்டியது முகட்டை. முகட்டு உத்திரத்தைப் பல வீடுகளில் நடுவே ஓர் உள்சுவர் முக்கோணமாக எழும்பித் தாங்கியிருக்கும். கீழே அறைக்குள் நின்று பார்த்தால், அட்டத்துப் (மச்சுப்) பலகை மறைத்துவிடுவதால், அது சாதாரணத் தடுப்பு மாதிரியே தெரியும். ஏணி வைத்து மேலே ஏறி, டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் பலரும் சுவரின் பருமனை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். 9 அங்குலம் என்றால் பாரம் தாங்குவது, நாலரை அங்குலம் என்றால் தடுப்பு. முதல் பாதியை நம்பி நடக்கலாம். இரண்டாம் பாதியை நம்பவே கூடாது. எங்கள் உறவில் ஒரு வீடு, 1970களின் கடைசியில் கட்டியது. சமையலறையை ஒட்டிய நாலரை அங்குலச் சுவரை, தடுப்புதானே என்று எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் ஒரு நீள விரிசல். பக்கத்து அறைக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு மூட மறுத்தது. பூச்சைக் கொத்திப் பார்த்தபோதுதான், செலவைக் குறைக்க அந்தக் காலத்தில் மெல்லிய சுவரின் மேலேயே தளத்தை உட்கார வைத்திருந்தது தெரிந்தது. பொறியாளர் ஆலோசனைக்கு ஆகிற பணத்தை மிச்சம் பிடிக்கப் போய், பிறகு முட்டுக் கொடுத்து இரும்புச் சட்டம் ஏற்ற வேண்டியதாயிற்று.

அந்தத் தளம் ஏன் விரிசல் விட்டது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கட்டடக்கலை புரிந்த மாதிரி. பேரூர் பட்டீசுவரர் கோயிலிலோ அவிநாசிக் கோயிலிலோ மண்டபத்தில் நின்று பாருங்கள். தூண்கள் நெருங்கி நெருங்கி நிற்கும். கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்கும் வலு மலையளவு உண்டு. இழுவையைத் தாங்கும் வலு மிகக் குறைவு. இரண்டு தூண்களின் மேல் கிடத்திய கல் தன் எடையிலேயே மிக நுண்ணிதாக வளைகிறது. வளையும்போது மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. தூண்களை விலக்கி வைத்தால் அடிப்புறம் பிளந்துவிடும் என்பது சிற்பிகளுக்குத் தெரியும். கான்கிரீட்டும் செய்து வார்த்த கல்தான். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம். அறையின் நடுவில் இழுபடுவது அடிப்புறம், ஆகவே கம்பி அடியில். நடுச்சுவரைத் தாண்டித் தொடர்ந்து ஓடும் தளத்தில், சுவருக்கு நேர் மேலே நிலைமை தலைகீழ்: அங்கே மேற்புறம் இழுபடுகிறது, கம்பி மேலே வர வேண்டும். இப்போது அந்தச் சுவரை எடுத்துவிட்டால், அதே இடம் ஒரு பெரிய அறையின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. இழுவை அடிப்புறத்துக்கு மாறுகிறது. கம்பியோ மேலே இருக்கிறது.

இடைவெளி இரண்டு மடங்கானால் பாதிப்பும் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். அப்படி இல்லை. அதே தளம், அதே பாரம், இரு ஓரங்களில் மட்டும் தாங்கல் என்று வைத்துக்கொண்டால், இடைவெளி இரட்டிக்கும்போது தளத்தை வளைக்கும் விசை நாலு மடங்காகிறது. நடுவில் தொய்வு பதினாறு மடங்காகிறது. 12 அடிக்காகக் கம்பி கட்டிய தளத்தை 24 அடிக்கு நிற்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தளம் போட்டு முடித்த பிறகு இடையில் அடைத்த உண்மையான தடுப்புச் சுவர்கூட, ஆண்டுகள் செல்லச் செல்லச் சுமக்கத் தொடங்கலாம். கான்கிரீட் நாளாவட்டத்தில் கொஞ்சம் தொய்யும். தொய்ந்த தளம் அந்தச் சுவரின் தலையில் மெல்ல உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கட்டியவர் எந்த நோக்கத்தில் கட்டினார் என்பது மட்டும் போதாது. இன்று அது என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

"எங்கள் வீட்டில் சுவரில் பெரிய ஓட்டை போட்டு ஜன்னல் வைத்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். செங்கல் சுவரில் சிறிய திறப்பு வைத்தால், அதற்கு மேலே ஒரு முக்கோண அளவுக்குள் இருக்கிற கற்களின் எடைதான் திறப்பின் மேல் இறங்கும். மீதிப் பாரம் வளைவு போலச் சாய்ந்து இருபுறமும் போய்விடும். அந்த முக்கோணத்தைத் தாங்க ஒரு லிண்டல் போதும். ஆனால் அகலம் கூடக்கூட முக்கோணமும் உயர்ந்து, உச்சி கூரையையே முட்டும்போது அந்த வளைவு அமைய இடமிருக்காது. 3 அடிக் கதவுக்குக் கிடைத்த அனுபவத்தை 10 அடித் திறப்புக்கு நீட்டக்கூடாது.

மேலே எதையும் சுமக்காத சுவருக்கும் ஒரு வேலை இருக்கலாம். நீளமான சுவர் தனியாக நின்றால் பக்கவாட்டுத் தள்ளலுக்கு ஈடுகொடுக்காது. குறுக்கே வந்து சேரும் உள்சுவர்தான் அதற்கு முட்டு. ஒரு தாளைத் தனியாக நிறுத்த முடியாது, மடித்து வைத்தால் நிற்கும், அந்த மாதிரி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக எப்படி வீசும் என்பது பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தெரியும். நிலநடுக்கம் நம் ஊருக்கு வராது என்று நினைப்பதும் தவறு. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியை 6 ரிக்டர் அளவை ஒட்டிய நிலநடுக்கம் உலுக்கியிருக்கிறது. ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தரநிலையின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு கோவையை மிதமான நிலநடுக்க ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. உள்சுவரை முழுவதும் வழித்தெடுக்காமல் இரண்டு ஓரத்திலும் 2 அடிச் சுவர்த் துண்டை விட்டுவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் துண்டுகள் நெடுஞ்சுவரைப் பிடித்துக்கொள்ளும். புதிய பீமுக்கு உட்கார இடமும் கொடுக்கும்.

இனி, பாரத்துக்குப் புதிய வழி அமைப்பது. சுவருக்குப் பதிலாக இரும்பு அல்லது கான்கிரீட் பீம் வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் மறந்துவிடுவது பீமின் இரு நுனிகளை. நம் கணக்கில் இருந்த 6 டன்னும் முன்பு 10 அடி நீளத்துக்குப் பரவி இறங்கிக்கொண்டிருந்தது. பீம் வந்த பிறகு ஒவ்வொரு நுனியிலும் 3 டன், அதுவும் ஒரு சாண் அகலத்தில். நாற்றங்காலைச் சமன் செய்யும்போது பரம்புப் பலகையின் மேல் ஏறி நிற்கிற ஆள் சேற்றில் புதைவதில்லை. பலகையை விட்டு இறங்கினால் முழங்கால் வரை போகிறார். எடை ஒன்றுதான், பரவுகிற இடம் வேறு. பழைய சுண்ணாம்புக் கட்டுக்கு அந்தக் குத்துப் பாரம் தாங்காது. அதனால்தான் பீமின் நுனிக்கு அடியில் ஒரு கான்கிரீட் கட்டையை வைத்துப் பாரத்தைப் பரப்புகிறார்கள். அது பரம்புப் பலகை செய்கிற வேலை. மண் சுவர் என்றால் அதுவும் உதவாது. இரு நுனியிலும் தனியாகக் கடக்கால் தோண்டி, தூண் எழுப்பித்தான் பீமை வைக்க வேண்டும். அடியில் கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிற மண் அது. ஓரிடத்தில் மட்டும் புதிதாகப் பாரம் ஏற்றினால் அந்த மூலை தனியாக இறங்கும்.

எத்தனை அங்குல பீம், எவ்வளவு கம்பி என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருபவர் வேறு, பாரக் கணக்குப் போடுபவர் வேறு. கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. நேரில் வந்து, தார்சில் ஏறி, சுவரோரம் ஒரு குழி தோண்டிக் கடக்காலைப் பார்த்த பிறகு அளவு சொல்பவரை நம்புங்கள். போனில் புகைப்படம் பார்த்து "எட்டு அங்குலம் போடுங்கள்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

வேலை நடக்கும் வரிசையைத் தெரிந்து வைத்திருந்தால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம். முதலில் முட்டு. சுவரின் இரண்டு பக்கமும் முட்டு வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது. தார்சு வீட்டில் எல்லாக் கட்டைகளையும் சேர்த்துத் தாங்கும்படி குறுக்கே ஒரு நீள மரம் கொடுத்து, அதன் அடியில் முட்டு நிறுத்த வேண்டும். முட்டின் காலுக்குக் கீழேயும் பலகை வேண்டும், வெறும் தரையில் குத்தி நிறுத்தினால் தளக்கல் உடைந்து முட்டு இறங்கும். ஜாக்கியைத் தொடும் அளவுக்குத்தான் முறுக்க வேண்டும். இறுக்கித் தூக்கினால் பழைய தளம் மேற்புறத்தில் விரிசல் விடும். அடுத்தது பீம் ஏற்றுவது. பீமுக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இரும்பு ஆப்பும் கெட்டியான கலவையும் வைத்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கூரை அந்த இடைவெளி அளவுக்கு இறங்கிய பிறகுதான் பீம் வேலை செய்யத் தொடங்கும். அதற்குப் பிறகே சுவரை எடுப்பது, அதுவும் மேலிருந்து கீழாக, கல் கல்லாக. உடைத்ததை அறைக்குள்ளேயே குவித்து வைக்கக்கூடாது. கான்கிரீட் பீமாக வார்த்திருந்தால், 20 அடிக்கு உட்பட்ட பீமுக்கு முட்டுகளை 14 நாள் வரை எடுக்கக்கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. முகூர்த்த நாள் நெருங்குகிறது என்று ஏழாம் நாளே முட்டுகளை உருவியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சுவர் ஒன்றரைக் கல் பருமன், அதாவது ஒன்றரைச் செங்கல் நீளம். பொறியாளர் வந்து பார்த்து, இரண்டு இரும்புச் சட்டங்களைப் போடச் சொன்னார். சுவரின் பாதிப் பருமனுக்கு ஆசாரத்துப் பக்கம் காடி (நீளப் பள்ளம்) வெட்டி முதல் சட்டத்தை ஏற்றி, ஆப்பு அடித்து, கலவை இறுகிய பிறகு மறுபக்கம் காடி வெட்டி இரண்டாவதை ஏற்றினார்கள். எந்த நேரத்திலும் பாதிச் சுவராவது பாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டை நுனிகளில் நாலு உளுத்துப்போயிருந்தன. அவற்றுக்குத் தனியாக இரும்புப் பிடி செய்து போட்டோம். 14 அடி முழுவதையும் திறக்க ஆசைப்பட்ட நாங்கள் 10 அடியோடு நிறுத்திக்கொண்டோம். ஓரத்தில் நின்ற இரண்டு துண்டுச் சுவர்களைப் பார்க்கும்போது, ஆசாரத்தில் ஏற்கெனவே நிற்கிற மரத்தூண்களுக்குத் துணை வந்தது போலத்தான் இருக்கிறது. இரண்டு நாள் என்று சொன்ன வேலைக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

முடிந்ததும் உடனே பூச வேண்டாம் என்றார் கொத்தனார். வலது நுனிக்கு மேலே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அதன் குறுக்கே விரல் அகலத்துக்குச் சிமெண்ட் பட்டை ஒன்றைப் பூசி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் இன்னும் அசைந்துகொண்டிருந்தால் அந்தப் பட்டை வெடிக்கும். அசைவு நின்றிருந்தால் அப்படியே இருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மழை. மார்கழிக் கடைசியில் வந்து விரலால் தடவிப் பார்த்தார். பட்டை வெடிக்கவில்லை. மறுநாள் சுண்ணாம்பு குழைக்கச் சொன்னார்.